வட்டத்தில் கடைசி பெஞ்ச் இல்லை

நைட் டூட்டி முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மருத்துவமனையின் மேல்மாடி ஹாலுக்குப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் தேடி வந்தது கடைசி வரிசையை. பத்தாவது வரை படித்த காலமெல்லாம் எனக்கு அதுதான் இடம். சார் போர்டில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம், மணி அடிக்கும். வருடம் முழுக்க வாயைத் திறக்காமலே பாஸாகிவிடலாம். அந்த நினைப்பில்தான் இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அத்தனை பேருக்கும் எதிரில்தான் உட்கார வேண்டும்.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் வார்டு பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. வீடு சேலையூரில். பகலில் தூங்கலாம் என்று படுத்தால் கேம்ப் ரோட்டின் ஹாரன் சத்தமெல்லாம் தலையணைக்குள் வந்துவிடும். இப்படியே வருடங்கள் போய், எந்த நேரத்திலும் முழுசாகத் தூங்காத, முழுசாக விழிக்காத உடம்பாகிவிட்டது. சூப்பர்வைசர்களுக்கு மட்டும் இரவு வேலை கிடையாது. புதிதாக இரண்டு சூப்பர்வைசர் இடம் வருகிறது, சனிக்கிழமை காலைகளில் பயிற்சி, அதில் நன்றாகச் செய்கிறவர்களுக்குத்தான் வேலை என்று சொன்னார்கள். எனக்குச் சம்பளம்கூட இரண்டாம்பட்சம். ராத்திரியில் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் இளைஞர். கையில் ஒரு சிவப்பு ஸ்பாஞ்சுப் பந்து வைத்திருந்தார்.

"நான் இங்க பாடம் நடத்தப் போறதில்ல. நீங்களே ஒருத்தருக்கொருத்தர் நடத்திக்கப் போறீங்க. நான் சும்மா கூட இருப்பேன்" என்றார்.

"அப்போ உங்க சம்பளத்தையும் நாங்களே பிரிச்சுக்கினு போலாமா சார்?"

கேட்டது என் பக்கத்து நாற்காலியில் இருந்த கோவளத்துப் பெண். என் மாடியிலேயே வேலை செய்கிறவள், என்னைவிட மிகவும் சின்னவள். அவள் அம்மா கடற்கரையில் மீன் விற்கிறார். ஹாலே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார்.

பந்து யாரிடம் வருகிறதோ அவர் பேச வேண்டும். வேலையில் எது கஷ்டம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் லிஃப்ட் என்றார், ஒருவர் பினாயில் வாசனை என்றார். பந்து என் மடியில் விழுந்தது. அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அவசரமில்லக்கா, டைம் எடுத்துக்கோங்க" என்றார் அவர்.

அவசரமில்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவசரம் வேறு இல்லை. ஆண்கள் வார்டில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், "சார், அக்கா கைல போய் பந்தே தூங்கிடுச்சு" என்றார். பந்தைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் வைத்துவிட்டேன்.

எல்லாமே இப்படி இல்லை. இரண்டு இரண்டு பேராகப் பேசுங்கள், பிறகு உங்கள் ஜோடி சொன்னதை நீங்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று ஒருநாள் பயிற்சியாளர் வைத்தார். அது எனக்கு ஒத்துவந்தது. பார்வையாளர் நேரத்தில் வராந்தாவை எப்படித் துடைப்பது என்பதுதான் கேள்வி. நடக்க இடம் விட்டுப் பாதியைத் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகு மறு பாதி என்று கோவளத்துப் பெண்ணின் காதில் சொன்னேன். அவள் எழுந்து நின்று, தன் அம்மா வஞ்சிரத்துக்கு விலை கூவுகிற குரலில் அதைச் சொன்னாள். "நல்ல யோசனை" என்றார் அவர். "என்னுது இல்ல சார், அக்காது. நான் லவுட் ஸ்பீக்கர்தான்" என்றாள். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் தூங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நடித்துக் காட்டச் சொன்னார். நோயாளியின் உறவினர் காபியைக் கொட்டிவிட்டு, தரை வழுக்குகிறது என்று அவரே சத்தம் போடுகிறார். சூப்பர்வைசர் அவரை உட்கார வைத்துச் சமாதானம் செய்ய வேண்டும், ஆளைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்ல வேண்டும். உறவினர் அந்த ஆண்கள் வார்டு அண்ணன். துடைக்கிறவள் கோவளத்துப் பெண். சூப்பர்வைசர் நான்.

அண்ணன் கைலியை மடித்துக் கட்டுவதுபோல் பேண்ட்டைத் தூக்கி விட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "இன்னா ஆஸ்பத்திரி இது? மனுசன் நடக்கறதா, சறுக்கு வுடறதா? யாரும்மா இங்க பெரிய ஆளு?"

கோவளத்துப் பெண்ணின் கையிலிருந்த மாப்பைப் பிடுங்கி நானே துடைக்க ஆரம்பித்தேன். அங்கே காபியும் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ந்த தரை. அதை மூலை வரை துடைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பயிற்சியாளர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவர் முறை அது. "என்ன பாத்தீங்க?" என்று வட்டத்தைக் கேட்டார். ஒவ்வொருவராக என்னைப் பற்றிச் சொன்னார்கள். அக்கா பயந்துட்டாங்க. அக்காவுக்கு வேலை வாங்கத் தெரியல. அக்கா பாவம். எங்கள் கணக்கு சார் இருந்திருந்தால் மோதிரக் கையால் ஒரு குட்டு வைத்திருப்பார், ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"நீங்க என்ன நினைச்சீங்கக்கா?" என்று கடைசியில் என்னிடம் கேட்டார்.

"தரை ஈரமா இருந்துச்சு சார்" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள்.

மதியம் தாம்பரத்தில் பஸ் மாற இறங்கியபோது கோவளத்துப் பெண் என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இப்போ என்னை வேலை வாங்கு. இங்க தொடச்சுடுமான்னு சொல்லு."

"இங்க தொடைக்கிறியாமா?"

"கேள்வி கேக்காதக்கா. கேட்டா மாட்டேன்னு சொல்லிக்கினு பூடுவேன்."

"கொஞ்சம் தொடச்சா நல்லா இருக்கும்."

"யாருக்கு நல்லா இருக்கும்? தரைக்கா?" டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு எடம் கீது. ஒண்ணு நான் வாங்கிடுவேன். இன்னொண்ணுல நீ வா. இல்லாட்டி அந்த லொடலொட அண்ணன் வந்து குந்திக்குவாரு. இந்த பஸ்ல தூங்கித் தூங்கி வுழுந்து எனக்கே பேஜாரா கீது. உனக்கு எப்டி இருக்கும்?"

அவள் பஸ் வரும்வரை சொல்லிச் சொல்லிப் பழகினேன். வீட்டிலும் பாத்திரம் கழுவும்போது சொன்னேன். இங்க தொடச்சுடுமா. இங்க தொடச்சுடுமா.

கடைசி வாரம் நிர்வாகத்திலிருந்து ஒரு மேடம் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். அதே காட்சி, அதே ஆட்கள். கோவளத்துப் பெண் இந்த முறை மாப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பிடுங்க முடியாது.

"இங்க தொடச்சுடுமா" என்றேன்.

வந்துவிட்டது. கேள்வியாக வரவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்துவிட்டுத் துடைக்கத் தொடங்கினாள். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கும் அந்த வேலை வேண்டும். மேடத்தைப் பார்த்ததும் அவருக்கு வேகம் கூடிவிட்டது. "சும்மா தொடச்சா ஆச்சா? பேசும்மா! வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கிட்டே வந்தார்.

மன்னிக்கணும் சார், உட்காருங்க, நான் பாத்துக்கறேன். இதைத்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். மேடத்தின் பேனா நின்றது. யாராவது கத்தினால் என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாளியின் மேல் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு குந்தினேன். கோவளத்துப் பெண் குனிந்து, உதடு அசையாமல், "எந்திரிக்கா... எந்திரி" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு இடமும் அவளுக்கும் அந்த அண்ணனுக்கும் போனது.

நாற்காலிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "நான் உங்கள வேற மாதிரி பேச வச்சிருக்கணும்க்கா" என்றார். இல்லை சார், நல்லாத்தான் இருந்தது என்றேன். பொய் இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதியதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. அந்த ஹாலில் பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது. ராத்திரி தூங்கிவிட்டு வந்திருந்தால் இன்னும் நன்றாகக் கற்றிருப்பேனோ என்னவோ.

இப்போது என் டூட்டி முடிகிற நேரத்தில் கோவளத்துப் பெண் வேலைக்கு வருகிறாள். தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்க வைத்துப் பேச வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. அவளிடமும் ஒரு பந்து இருக்கிறது. அதை என்னிடம் வீசுவதில்லை. கூட்டத்துக்கு முன்னாலேயே என் பக்கத்தில் வந்து நின்று, "எதாவது இருந்தா சொல்லுக்கா" என்று மெதுவாகக் கேட்பாள். சொன்னால் அவள் வாயால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோதே லிஃப்ட் பக்கம் யாரோ கஞ்சியைக் கொட்டிவிட்டார்கள். அதைக் கொட்டியவரே கத்தினார். பகல் ஆட்கள் இன்னும் கையுறை போடவில்லை. மாப் என் கையில்தான் இருந்தது. கோவளத்துப் பெண் நேராக அவரிடம் போய், "மன்னிக்கணும் சார், உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாப்பைப் பார்த்தாள்.

"இங்க தொடச்சுடுக்கா."

கேள்வியாகக் கேட்கவில்லை. டீக்கடையில் பழகியபடியே, சரியாகச் சொன்னாள். நான் துடைத்தேன். இந்த முறை தரை நிஜமாகவே ஈரமாக இருந்தது.