விண்மீன் கொத்தின் நடு

புங்குடுதீவு இறுப்பிட்டி மீனலோசனி பிறந்தது 1983 ஆவணியில் என்கிறது பதிவு. ஆடியில் என்பார் தாயார். மாதம் எதுவாயினும், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிள்ளை என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை.

மடத்துவெளிப் பாடசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டே முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். நூறாயிரக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பால் உருண்டையாகத் திரண்ட கொத்தே அவரது பொருள். ஒன்றையொன்று இழுத்தலைக்கும் விண்மீன்களில் சில வேகம் பெற்று வெளியேறிவிடும். எஞ்சிய கொத்தின் நடு மேலும் மேலும் நெருங்கும். இறுக்கமாகச் சுற்றும் இரட்டை விண்மீன்கள்தாம் அந்த நெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும்.

கணினியில் எட்டாயிரம் விண்மீன்களை வைத்துக் கணித்தார். நடு நெருங்கவில்லை, நெருக்கத்தைக் காட்டும் வரைபின் கோடு வரவரத் தாழ்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சரியான வரைபு போகாவிட்டால் ஏழு வருட ஆய்வுப் பதிவு காலாவதி. இனி நீடிப்பில்லை என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டார்.

அந்த வெள்ளி, லீவு போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார், எழுந்தார், தேநீர் ஊற்றினார், குடிக்க மறந்தார். பத்து மணியளவில், நடந்தாலாவது வழி பிறக்கட்டும் என்று தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கிராமச் சங்கம் புதிதாக வைத்த தண்ணீர்த் தாங்கி ஆளில்லாப் பனங்காணிக்குள் நின்றது. சங்கச் செயலாளர் சிவபாதம், மீனலோசனியின் தமையன். அயல்வீட்டு ஞானசவுந்தரி அவரை மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிவபாதம் அண்ணை, இந்தப் பத்தைக்குள்ளை பாம்புக்கோ தண்ணி குடுக்கிறியள்?"

"பதிவிலை நூற்றி நாப்பது குடும்பம். எல்லா வீட்டுக்கும் சரி நடு இதுதான்."

"அதிலை நூறு வீடு பூட்டு. கனடாவிலை இருக்கிறவை கலனோடை வருவினமோ?"

"அதுக்காகப் பேரை வெட்ட ஏலாது. எங்கடை சனம்."

மீனலோசனி கலனை நிலத்தில் வைத்தார். தன் கணக்கில் அவரும் எதையும் வெட்டவில்லை. வெளியேறிய விண்மீன்களையும் பட்டியலில் வைத்தே சராசரி நடு எடுத்திருந்தார். அவை ஒரு பக்கம் போகப்போக, கொத்து மறுபக்கம் மெல்ல விலகியிருக்கிறது. அவரோ வெறும் வெளியில் நின்று நெருக்கத்தை அளந்திருக்கிறார்.

"எங்கையடி ஓடுறாய்?" என்ற தமையனின் குரல் அவர் காதில் ஏறவில்லை.

வீட்டில் ஒரு கட்டளையை மாற்றினார்: விண்மீன்கள் செறிந்த இடமே நடு. சேமித்த கணக்கை மறுபடி ஓடவிட்டு, குசினிக்கும் கணினிக்கும் இடையே நடந்து தேய்ந்தார். மூன்று மணிக்குக் கோடு ஏறத் தொடங்கியது. செங்குத்தாய் எழுந்து, ஓர் இரட்டை உருவான இடத்தில் நின்று தாழ்ந்தது. வரைபை அனுப்பியபோது மூன்று ஐம்பத்திரண்டு.

சிவபாதம் நிரப்பிய கலனோடு வந்து நின்றார். "கலனை விட்டிட்டு ஓடினனி. பேய் கண்டனியோ?"

"அண்ணை, ஒரு பேரும் வெட்ட வேண்டாம். தாங்கியை மட்டும் சனம் இருக்கிற பக்கம் தள்ளி வையுங்கோ."

"சரி நடுவெண்டு அறிக்கையிலை எழுதிப்போட்டனே!"

"அழிச்சு எழுதுங்கோ. நானும் அப்பிடித்தான் செய்தனான்."

அவர் முணுமுணுக்க, மீனலோசனி மறுபடி எழுந்து கணினியைப் பார்த்தார். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: கிடைத்தது.