காலியா இருந்த நாலு ஓட்டை

எங்க அண்ணிக்கு அவங்க ஒர்க்‌ஷாப்ல வச்சிருக்கிற பேர் மில்லிமீட்டர். என் அண்ணன் கட்டிக்கிட்டு வந்ததால எனக்கு அண்ணி, இல்லேன்னா நானும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். கம்ப்யூட்டர்ல மெஷின் வரையிறது அவங்க வேலை. இரும்பைத் தொடுறதுக்கு முன்னாடியே மொத்த மெஷினையும் திரைக்குள்ள கட்டி நிறுத்திடுவாங்க. மவுஸை உருட்டினா அது சுத்தும், படுக்கும், நடுவுல வெட்டி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு காட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அங்க லெட்டர் டைப் அடிக்கப் போனவங்கதான். வரைஞ்சுக்கிட்டு இருந்த ஆள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். பாதியில கிடந்த படத்தை இவங்களே உக்காந்து, தட்டித் தடவி, மூணு வாரத்துல முடிச்சாங்க. அன்னியிலருந்து அந்த நாற்காலி அவங்களோடதாயிடுச்சு.

நான் தையல்காரி. அளவு எனக்கும் தெரியும். ஆனா துணி கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அண்ணி விட்டுக் கொடுக்க மாட்டாங்க. ஒருநாள் வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்கிறப்ப, நான் புதுசா தைச்சு மாட்டின ஜன்னல் திரையைப் பாத்து, இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்குன்னு சொன்னாங்க. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? எல்லாரும் போனப்புறம் டேப் எடுத்து அளந்து பாத்தேன். இறங்கித்தான் இருந்துச்சு. அதனாலயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துச்சு.

இதுல என் வீட்டுக்காரரும் அதே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். அண்ணி மாடியில உக்காந்து வரைஞ்சு அனுப்புறதை இவர் கீழ இரும்புல செய்வார். எங்க வீடும் அந்தக் கணக்குதான், அவங்க மாடியில, நாங்க கீழ. ஒரு காலத்துல அண்ணியை "தங்கச்சி, தங்கச்சி"ன்னு கூப்பிட்டு உருகினவர்தான். போன வருஷம் இவர் செஞ்ச ஒரு ஃபிரேம் ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்குன்னு அண்ணி திருப்பி அனுப்பிட்டாங்க. அறுத்து மறுபடியும் வெல்டு அடிக்க ரெண்டு நாள் ஆச்சு. கூட வேலை பாக்கிறவனுங்க வேற சிரிச்சுட்டானுங்க. அன்னியிலருந்து முறுக்கிக்கிட்டார். இனிமே படத்துல என்ன இருக்கோ அதைத்தான் செய்வேன், ஒரு போல்ட் கூடவும் போட மாட்டேன், குறைச்சும் போட மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்.

பதினாலு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. படத்துல சந்தேகம் வந்தா சோத்துல கை வச்சுக்கிட்டே என்கிட்ட புலம்புவார். நான் மாடிக்குப் போய்ச் சொல்வேன். அண்ணி சொல்றதைக் கேட்டுட்டு இறங்கி வந்து இவர்கிட்ட சொல்வேன். போஸ்ட்மேனுக்காவது சம்பளம் உண்டு.

அந்தச் சமயத்துல ஒரு குடோனுக்குச் சரக்கு ஏத்தி இறக்குற தூக்குமேடை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கத்திரிக்கோல் மாதிரி ரெண்டு ஜோடி இரும்புக் கால் விரிஞ்சு மடிஞ்சு மேல இருக்கிற தட்டை ஏத்தி இறக்கும். கீழ காலுக்கு அடியில உருளை இருக்கு. மேடை ஏற ஏற அந்த உருளைங்க ரெண்டு பக்கமும் இருக்கிற இரும்புத் தடத்துல உள்பக்கமா நகரும். ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் என்னைப் பாத்து சிரிச்சார். "உங்க அண்ணி அந்தத் தடத்துல பக்கத்துக்கு ரெண்டுன்னு நாலு ஓட்டை வரைஞ்சிருக்காங்க. அதுல மாட்டுறதுக்குத்தான் பார்ட்ஸ் லிஸ்ட்ல ஒண்ணையும் காணோம். மெஷின் மூச்சு விடுறதுக்குப் போல"ன்னார்.

நானும் சிரிச்சேன். வழக்கப்படி மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. திரை விஷயம் மனசுல புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மத்தவங்க தப்பை ஊருக்கே சொல்றாங்கல்ல, இவங்க தப்பு ஒண்ணு என் கையில இருக்கட்டும், சமயம் பாத்து எடுத்து விடலாம்னு வச்சுக்கிட்டேன்.

நாலு நாள் கழிச்சு நானும் அண்ணியும் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அன்னிக்குத்தான் பதினோரு மணிக்குத் தூக்குமேடையை முழு எடை ஏத்தி டெஸ்ட் பண்றாங்க. அதுக்கு நான் எதுக்கு, செஞ்சவர் இருக்கார்லன்னு அண்ணி லீவு போட்டுட்டாங்க. இவர் முகத்துல முழிக்க வேணாம்னுதான் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?

நர்ஸ் அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட்டு, திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. பத்து இருபத்தஞ்சு இருக்கும். சும்மா உக்கார முடியல, என் நாக்கு அரிச்சுது. மெஷினுக்குக் கூட மூச்சு விட ஓட்டை வைக்கணுமாமே அண்ணின்னு ஆரம்பிச்சேன். அவங்களுக்குப் புரியல. நாலு ஓட்டை கதையைச் சொன்னேன், இவர் சொன்ன அதே ராகத்துல.

அண்ணி சிரிப்பாங்க, இல்லேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. முகத்துல ஈ ஆடல.

"ஓட்டை எங்க இருக்குன்னு சொன்னார்? தடம் முடியுற இடத்துலயா?"

எனக்கென்ன தெரியும், காலியா இருக்குன்னுதான் சொன்னார்ன்னேன். எப்ப சொன்னார்ன்னு கேட்டாங்க. நாலு நாள் ஆச்சுன்னேன். அண்ணி உடனே போனை எடுத்து யாருக்கோ அடிச்சுக்கிட்டே, டெஸ்ட் நடக்கும்போது அவர் எங்க நிப்பார்ன்னு என்னைக் கேட்டாங்க.

அது எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதுலருந்து சண்டை போடுற விஷயமாச்சே. மேடை மேல ஏறினதும் அடியில தலையை விட்டு எங்கயாவது எண்ணெய் ஒழுகுதான்னு பாப்பார். அதைச் சொன்னேன்.

"அந்த ஓட்டையில தடுப்புக் கட்டை இருக்கணும். அது இல்லேன்னா மேடை மேல போனதும் உருளை தடத்தை விட்டு வெளிய வந்துடும். மேடை விழுந்துடும்"னாங்க.

நான் இவருக்கு அடிச்சேன். இவர் போன் அணைஞ்சு கிடந்துச்சு. வேலை நேரத்துல போனைப் பெட்டியில போட்டுப் பூட்டணும்னு அங்க சட்டம். ஆபீஸ் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டெஸ்ட்டுன்னா எல்லாரும் வேடிக்கை பாக்கக் கீழ இறங்கிடுவாங்களாம். முதலாளி போனும் அப்படித்தான், சத்தத்துல கேக்காது. ரெண்டு பேரும் எழுந்தோம். என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டுட்டு எங்கடி போறீங்கன்னு அம்மா கேட்டாங்க. நர்ஸைக் கெஞ்சி ஒப்படைச்சுட்டு ஓடினோம்.

டாக்ஸியிலதான் அண்ணி விவரமா சொன்னாங்க. என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல, தனக்குத்தானே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அவங்க கம்ப்யூட்டர் பழசு. நானூறு பாகம் இருக்கிற மெஷினைத் திருப்பினா அப்படியே உறைஞ்சு நின்னுடும். அதனால கொஞ்சம் பாகங்களை ஆஃப் பண்ணி வச்சுட்டு வேலை பாப்பாங்களாம். மறைச்சு வைக்கிறது வேற, ஆஃப் பண்றது வேற. மறைச்சா கண்ணுக்குத்தான் தெரியாது, லிஸ்ட்ல இருக்கும். ஆஃப் பண்ணினா அந்தப் பாகம் பொறக்கவே இல்லாத மாதிரி. படத்துலயும் வராது, லிஸ்ட்லயும் வராது, கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேக்காது. போல்ட்டுங்களையும் தடுப்புக் கட்டைங்களையும் ஆஃப் பண்ணியிருக்காங்க. படத்தைப் பிரிண்ட் எடுக்கிறப்ப போல்ட்டுங்களை ஆன் பண்ணினவங்க கட்டையை மறந்துட்டாங்க. ஓட்டை தடத்தோட சேர்ந்தது, அதனால அது மட்டும் படத்துல நின்னுடுச்சு.

"மேடையைத் தள்ளி ஏத்துற சிலிண்டர் கேட்ட அளவுல கிடைக்கல, நாலு விரல் நீளம் கூடினதைத்தான் வாங்கினாங்க. அது பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே போகும். அதுக்காகத்தான் அந்தக் கட்டையே போட்டேன்"னு சொல்லிட்டு மறுபடி போன் அடிச்சாங்க. நான் டிரைவரை வேகமா போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

ஒர்க்‌ஷாப் தெருவுல ஒரு லாரி பின்னால எடுக்கிறேன்னு குறுக்க நின்னுக்கிட்டு இருந்துச்சு. மணி பதினொண்ணு அஞ்சு. இறங்கி ஓடினோம். அண்ணி ஓடி நான் பாத்ததே இல்ல, செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம ஓடினாங்க. கேட்டுல வாட்ச்மேன் நோட்டுல பேர் எழுதிட்டுப் போகச் சொல்லி என்னை மறிச்சார். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல, நல்ல வார்த்தையா இருந்திருக்காது.

உள்ள போனா, மேடை தலைக்கு மேல போயிருந்துச்சு. மேல இரும்புப் பாளம் அடுக்கியிருந்தாங்க. பம்பு சத்தம் காதை அடைச்சுது. சுத்தி பத்துப் பேர். இவர் காலுலருந்து இடுப்பு வரைக்கும்தான் தெரிஞ்சார். மீதி ஆள் மேடைக்கு அடியில. இன்னும் ஏத்து, ஏத்துன்னு ஒரு கை மட்டும் வெளிய ஆடிக்கிட்டு இருந்துச்சு.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேக்கல. அண்ணி அவர் பக்கம் போகல, செவுத்துப் பக்கம் ஓடினாங்க. இந்த நேரத்துல எங்க ஓடுறா இந்தப் பொம்பளைன்னு எனக்கு அவங்களை அங்கயே வெட்டிப் போடலாம்னு வந்துச்சு. அவங்க நேரா மெயின் சுவிட்சைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. பம்பு நின்னுடுச்சு. மேடை இருந்த இடத்துலயே நின்னுச்சு.

இவர் கோபமா வெளிய வந்தார். முழு உயரத்துக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறப்ப எவன்டா அணைச்சதுன்னு கேட்டார். அண்ணி மூச்சு வாங்கிக்கிட்டே, பக்கத்துல நின்னவன்கிட்ட டார்ச்சை வாங்கி அடிச்சு, தடத்தைக் காட்டினாங்க. இவர் குனிஞ்சு பாத்தார். உருளைக்கும் தடத்தோட முடிவுக்கும் நடுவுல ஒரு விரல் தடிமன்தான் பாக்கி. அப்புறம் மரக்கட்டையைக் கொண்டாந்து நாலு பக்கமும் முட்டுக் கொடுங்கடான்னு சொல்லிட்டு, அப்படியே தரையில உக்காந்துட்டார்.

முதலாளி வந்து, இது யாரு பண்ணின வேலைன்னு கேட்டார். பத்துப் பேர் முன்னாடி அண்ணி சொன்னாங்க. "என் தப்பு சார். தடுப்புக் கட்டையை ஆஃப் பண்ணி வச்சேன். ஆன் பண்ணாமயே படம் எடுத்துக் கொடுத்துட்டேன்."

எல்லாரும் இவரைப் பாத்தாங்க. பதினாலு மாசமா இவர் காத்துக்கிட்டு இருந்த நேரம் இதுதான். ரெண்டு மில்லிமீட்டருக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இவர் எழுந்து நின்னார். "தங்கச்சியை மட்டும் சொல்லாதீங்க சார். ஓட்டை காலியா இருக்கிறதை நான் பாத்தேன். பாத்துட்டும் போய்க் கேக்கல"ன்னார். முதலாளி ரெண்டு பேரையும் கிழி கிழின்னு கிழிச்சார். நடந்ததை எழுதி ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும்னு மாடிக்குப் போனார். அண்ணி பின்னாலயே போனாங்க.

இவர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். நான் விடல. உயிர் போய் உயிர் வந்திருக்கு, அந்தக் கோபத்தை எங்க கொட்டுறது? "மனுஷனா நீங்க? காலி ஓட்டைன்னு தெரிஞ்சும் அதுக்கு அடியிலயே போய்த் தலையைக் குடுத்திருக்கீங்களே. மாடிப்படி ஏறி ஒரு வார்த்தை கேட்டா கிரீடம் இறங்கிடுமா?"

அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். கோபமே இல்ல.

"நான் போய்க் கேக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல. அதனாலதானே உன்கிட்ட சொன்னேன். நீ மாடிக்குப் போய்ச் சொல்லிடுவேன்னு இருந்தேன். நாலு நாளா பதில் ஒண்ணும் வரல. சரி, தேவையில்லாத ஓட்டை போலன்னு விட்டுட்டேன்."

குத்திக்காட்டுறதுக்காகச் சொல்லல, நடந்ததைச் சொன்னார். நான்தான் சொல்லாம விட்டேன்னு அண்ணிக்கு ஆஸ்பத்திரியிலயே புரிஞ்சிருக்கும். டாக்ஸியில ஒரு வார்த்தை கேக்கல. முதலாளி முன்னாடி என் பேரை எடுக்கவும் இல்ல. என்னால அங்க நிக்க முடியல. நேரா மாடி ஏறினேன். இவரும் என் பின்னால வந்தார்.

முதலாளி எழுதிக்கிட்டு இருந்தார். அண்ணி எதிர்ல ஒத்தைச் செருப்போட நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"சார், என் பேரையும் எழுதுங்க. எனக்கும் நாலு நாளாத் தெரியும். வேணும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன்"னேன்.

முதலாளி தலையைத் தூக்கிப் பாத்தார். நீங்க இங்க வேலை பாக்கலையேம்மா, உங்களை நான் எப்படி எழுதுறதுன்னு கேட்டார்.

அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. நான் அம்மாவைக் கூட்டிட்டு வர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன், வழியெல்லாம் அழுதுக்கிட்டே.