மடிப்பு விழாத பாய்

என் தங்கை புருஷனுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்தாலே முகம் வெளுத்துப்போகும். ஆனால் எங்கள் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் "கேப்டனா, அதோ" என்று கையைக் காட்டுவார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் தங்க நிறப் பட்டை, நெஞ்சுவரை தாடி, வாயில் பைப். பைப்பில் புகையிலை கிடையாது. பற்றவைத்தால் ஐயாவுக்கு இருமல் வரும். சும்மா கடித்துக்கொண்டு நிற்பான்.

படகுக்கு வருவதற்கு முன் இந்த ஆள் திரைச்சீலைக் கடையில் சேல்ஸ்மேன். துணிச் சுருளைத் தோளில் போட்டு ஒரு உதறு உதறினால், கடைக்கு வேடிக்கை பார்க்க வந்தவளும் நாலு ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு போவாள். அது ஒன்றுதான் அவனுக்கு நிஜமாகத் தெரிந்த வேலை. சுற்றுலாப் படகு விடுகிற முதலாளி ஒருநாள் வீட்டுக்குத் திரை எடுக்க அந்தக் கடைக்குப் போனார். துணியைப் பார்க்கவில்லை, தாடியைப் பார்த்தார்.

"என் படகுல வந்து நிக்கிறியா?" என்று கேட்டார்.

நிற்கத்தான் கூப்பிட்டார். ஓட்டுவதற்கு ஏற்கெனவே நான் இருந்தேன். படகின் பின்பக்கத்தில் ஒரு குழி. எஞ்சினும் சுக்கான் கம்பியும் அங்கேதான். குழியைச் சுற்றித் தார்ப்பாய்த் தடுப்பு, பயணிகள் கண்ணில் நான் படக்கூடாது என்று. நடுவில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், ஆளுயர மரச் சக்கரம் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் மாப்பிள்ளை நிற்பார். அந்தச் சக்கரம் எதோடும் சேரவில்லை. ஓட்டல் வாசலில் அலங்காரத்துக்கு வைத்திருந்ததை முதலாளி வாங்கி வந்து மாட்டினார்.

இனி, படகின் பாய். அதில் ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம். இரண்டு பக்கமும் ஒரு ஆள் வாயைப் பிளந்து தூங்குகிற படம், மேலே கம்பெனி பேர். கம்பெனிக்காரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: கரையோர ஓட்டல் மாடிகளில் இருந்து பார்த்தால் எழுத்து தெரியவேண்டும், துணியில் மடிப்பு விழக்கூடாது. பாய் என்றால் காற்றுக்குத் தகுந்தபடி திரும்பும், தொங்கும், சுருங்கும். முதலாளிக்கு வழி தெரியவில்லை. இந்த ஆள்தான் கண்டுபிடித்தான். பாயின் அடிக்கழியைப் படகின் நீளவாக்கில் வைத்து, இரண்டு பக்கமும் எஃகுக் கம்பியால் இழுத்து முறுக்கிக் கட்டிவிட்டான். ஒரு சுருக்கம் கிடையாது. நல்ல வேலைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜன்னலுக்கு.

அன்றிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எங்கள் பாய் கரையைப் பார்த்தபடி விறைத்து நிற்கும். படகை நகர்த்துவது டீசல் எஞ்சின். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க ஸ்பீக்கரில் அலைச் சத்தம் ஓடவிடுவோம். கடலுக்கு நடுவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் அலைச் சத்தம் கேட்டு "ஆகா" என்று கண்ணை மூடுகிற கூட்டத்தை என்னவென்று சொல்வது. எனக்கும் பாய் ஓட்டத் தெரியாது. தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

படகுத்துறையில் கிளம்பி, ஓட்டல் வரிசை, கலங்கரை விளக்கம், துறைமுகத்துக் கிரேன்கள், அலைதடுப்புப் பாறை வரை போய்த் திரும்புவோம். வழி முழுக்க மைக்கில் அவன் வாய் ஓயாது. ஒரு பல் டாக்டர் வீட்டைக் காட்டி, அது நாடுகடத்தப்பட்ட ராஜாவின் மாளிகை என்பான். தண்ணீர்த் தொட்டியைக் காட்டிப் பழைய கோட்டை என்பான். பாறை நெருங்கும்போது குரலைத் தாழ்த்திப் புயல் கதைக்கு வருவான். வாலிப வயதில் ஒரு ராத்திரி முழுக்கப் புயலில் தனியாகப் பாய் பிடித்துப் படகைக் கரை சேர்த்தானாம். உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பைக் காட்டுவான். அது திரைக் கம்பி கிழித்த தழும்பு. தையல் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான்தான்.

ஊரான் நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும். அவன் மகள் நம்பினாள். அதுதான் தொல்லை.

எங்கள் பாப்பா அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள். படகில் ஏற்று என்று சின்ன வயதில் அழுவாள். குடும்பத்தை ஏற்றக்கூடாதென்று முதலாளி சட்டம் போட்டிருக்கிறார் என்று இவன் ஒரு பொய்யைச் சொல்லித் தள்ளிவிடுவான். வளர்ந்ததும் அந்தப் பெண் என்ன செய்தது? வேறு ஊரில் பாய்மரப் படகுப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஏன் இதில் சேர வருகிறாய் என்று கேட்டவர்களிடம், "எங்கப்பா புயல்ல தனியா பாய் புடிச்சவர்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டது. தங்கை என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். நான் வாயை மூடிக்கொண்டேன். தங்கை புருஷன், வேறு என்ன செய்வது.

லீவுக்கு வந்தவளுக்குக் கையெல்லாம் காய்ப்பு, முகம் கறுத்திருந்தது. வந்ததும் வராததுமாக நேராக முதலாளியிடமே போய், அப்பாவோடு ஒரு தடவை போகட்டுமா என்று கேட்டுவிட்டாள். "தாராளமா போம்மா, யாரு வேணாம்னு சொன்னது?" என்றாராம் அவர்.

அவள் படகில் ஏறுவதாக இருந்த அன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டே அறை. ஃபிரிட்ஜுக்கு மேலே இவன் சீருடையில் நிற்கிற படம், கூடத்துக்கு வருகிறவன் கண்ணில் முதலில் அதுதான் படும். அதற்கு எதிரே வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று தாடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"மச்சான், எஞ்சின் ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்."

"எஞ்சின் நல்லாத்தானே இருக்கு, மாப்பிள்ளை."

"நல்லா இருக்குன்னுதான் சொல்றேன். ரிப்பேர்னு சொல்லுங்க. இன்னைக்கு மட்டும். அவ ஏறினா ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிடுவா."

"கண்டுபுடிச்சா என்ன? திரைக் கடைல வேலை பாத்தேன், பொண்டாட்டி புள்ளைக்காக இந்த வேஷம் கட்டினேன்னு சொல்லிட்டுப் போங்க. அது உங்க பொண்ணு. தூக்குலயா போடப் போவுது?"

"உங்களுக்கு என்ன தெரியும். அவ கண்ணுல நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான். கண் கலங்கியிருந்தது. சாயம் பட்டும் கலங்கியிருக்கலாம்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் கீழே வாசலில் தயாராக நின்றாள்.

"மாமா, இன்னைக்கு எங்கப்பா ஓட்டுறதைப் பாக்கப் போறேன்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பயணிகள் வழக்கமான சரக்குதான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மூன்று குடும்பங்கள், குரல் பெருத்த ஒரு கண்ணாடிக்காரர், தொப்பிக் கடையில் அப்போதுதான் வாங்கிய தொப்பிகள். பாப்பா அவர்களோடு டிக்கெட் வரிசையிலேயே வந்து ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். இவன் மைக்கைப் பிடித்தான். பல் டாக்டர் வீடு ராஜா மாளிகையாயிற்று. தண்ணீர்த் தொட்டி கோட்டையாயிற்று. அவள் வீட்டைப் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடிக்கழியை. பிறகு எஃகுக் கம்பியை.

கலங்கரை விளக்கம் தாண்டியதும் எழுந்து அவன் பக்கத்தில் போனாள். தார்ப்பாய்க்கு அந்தப்புறம்தான் நான். எனக்குக் கேட்டது.

"அப்பா, பாய் ஏத்தியாச்சு, காத்தும் இருக்கு. இன்னும் ஏன் எஞ்சின் ஓடுது?"

"அது... பேட்டரிக்கும்மா. பேட்டரி சார்ஜ் ஏறணும்ல."

"கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா. பாய்லயே போலாம். உங்க கையால ஒரு தடவை பாக்கணும்."

"பயணிங்க இருக்காங்க, பாப்பா. பொறுப்பு இருக்கு."

அதற்குள் கண்ணாடிக்காரர் காதில் பாதி விழுந்துவிட்டது. "ஆமா கேப்டன், நிறுத்துங்க! டிக்கெட்ல பாய்மரப் படகுன்னுதானே போட்டிருக்கு?" என்றார். கல்யாண ஜோடி கை தட்டியது. கூட்டம் முழுக்கத் தட்டியது. அப்போதுகூட அவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கை தட்டினால் மறுப்பு சொல்லத் தெரியாத ஜென்மம். மைக்கில், "எஞ்சினை நிறுத்து!" என்று எனக்குக் கட்டளை போட்டான், சினிமா ராஜா மாதிரி. நானும் நிறுத்தினேன். இத்தனை வருடத்தில் அவன் சொல்லி நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

எஞ்சின் நின்றதும் கொஞ்ச தூரம் படகு பழைய வேகத்தில் போனது. பிறகு நின்றது. கடல் பக்கமிருந்து காற்று வந்து பாயில் மோதியது. திரும்புகிற பாயாக இருந்தால் காற்றுக்கு வழிவிட்டிருக்கும். இது சுவர். படகு கரைப்பக்கமாகச் சாய்ந்து, பக்கவாட்டிலேயே நகர ஆரம்பித்தது. எதிரே அலைதடுப்புப் பாறை. தொப்பிகள் உருண்டன. ஒரு குழந்தை வீறிட்டது. ஸ்பீக்கரில் அலைச் சத்தம் மட்டும் இனிமையாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, பாயைத் தளர்த்துங்க!" பாப்பாதான். அந்தக் கூச்சலில் வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. இவன் சக்கரத்தைச் சுற்றினான். அது பம்பரம் மாதிரி சுற்றியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நேரத்தை வீணாக்காமல் பாய்க் கயிற்றுக்கு ஓடினாள். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட். கப்பி துருவேறிக் கல்லாகியிருந்தது. கம்பி முறுக்கைக் கையால் பிரிக்கப் பார்த்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இவன் சக்கரத்தை விட்டுவிட்டுப் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். தாடி மட்டும் காற்றில் வீரமாகப் பறந்தது.

"மாமா, எஞ்சின்! எஞ்சின் போடுங்க!"

போட்டேன். முதல் தடவை இருமிவிட்டு அணைந்தது. அடுத்த தடவை பிடித்தது. சுக்கானை முழுசாக ஒடித்துப் பாறையிலிருந்து விலகினேன். பாறையில் ஒட்டிக்கிடந்த சிப்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவு பக்கம்.

படகு நிமிர்ந்ததும் கூட்டத்துக்கு வாய் வந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"என்னய்யா நடந்துச்சு? கொன்னிருப்பீங்களே எங்களை! நீ என்ன கேப்டன்?"

இங்கேதான் ஒரு மனுஷனைப் பார்க்க முடியும். தெரியாது என்பது குற்றமில்லை. பயந்தது குற்றமில்லை. நடுங்கியது கூடப் போகட்டும். அவன் பாய்மரத்தை விட்டு, சட்டையை இழுத்துவிட்டு, பைப்பைத் தேடி எடுத்து வாயில் வைத்தான். மைக்கை எடுத்தான்.

"பயப்படாதீங்க. நான் எல்லாம் கட்டுப்பாட்டுலதான் வெச்சிருந்தேன். நடுவுல ஒருத்தர் கயித்தைப் புடிச்சு இழுத்துட்டாங்க, அதனாலதான் படகு சாஞ்சது. பாய்க் கயித்தைப் பயணிங்க தொடக்கூடாதுன்னு போர்டே எழுதி வெச்சிருக்கோம்."

எல்லாரும் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ரத்தக் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு? உங்களுக்கு வேண்டியவளா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லைங்க. யாரோ பயணி" என்றான்.

மைக் ஆனில்தான் இருந்தது.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான்" என்று ஒரு அம்மாள் முனகியதையும் பாப்பா கேட்டுக்கொண்டாள். தார்ப்பாயை விலக்கிக் குழிக்குள் இறங்கி, எண்ணெய் டின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துடைக்கிற துணியில் சுத்தமான ஓரமாகப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தேன். விரலில் சுற்றிக்கொண்டாள்.

"மாமா, அந்தப் புயல்..."

"சொல்லு."

"அன்னைக்கு அவரு எங்க இருந்தாரு?"

"கடைல. ஷட்டரைச் சாத்திட்டு உள்ளே ஸ்டாக் எடுத்துட்டிருந்தாங்க."

தலையை ஆட்டினாள். "நான் இதைச் சொல்லித்தான் ஸ்கூல்ல சேந்தேன்."

"சொன்னதை வெச்சு ஒரு நாள் நிக்கலாம். மிச்ச நாள் நின்னது நீதானே. கையைப் பாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மாமா. தெரியாதும்மான்னு சொல்லியிருந்தா நானே கத்துக் குடுத்திருப்பேன்."

மேலே இவன் கடையை மறுபடி விரித்துவிட்டான். இன்று கண்டது ஒன்றுமே இல்லை, இதைவிடப் பத்து மடங்கு பெரிய காற்றில் நான் தனியாக என்று ஆரம்பித்தான். அவள் அதை முழுக்கக் கேட்டாள். கதையின் முடிவில் கூட்டம் கை தட்டியது. கண்ணாடிக்காரரும் தட்டினார். மானங்கெட்ட கூட்டம், பாறையில் முட்டக் கொண்டுபோனவனுக்கே கை தட்டுகிறது.

படகுத்துறையில் இறங்கியதும் கல்யாண ஜோடி இவனை நடுவில் நிறுத்தியது. அந்தப் பையன் போனை நீட்டிக்கொண்டு யாராவது எடுத்துத் தருவார்களா என்று பார்த்தான். பக்கத்தில் பாப்பா நின்றாள்.

"அக்கா, கேப்டனோட ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

அவள் போனை வாங்கிக்கொண்டாள். துணி சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு, மற்ற கையால் நேராகப் பிடித்தாள். இவன் அவளைப் பார்த்தான். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று நான் நின்றேன். "இது என் பொண்ணு" என்று மூன்று வார்த்தை. பைப்பைக் கையில் எடுத்தான், வாயைத் திறந்தான். பிறகு ஜோடியைப் பார்த்தான், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைப் பார்த்தான். பைப்பைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் சிரிங்க, கேப்டன்" என்றாள் பாப்பா.

அந்த ஆள் சிரித்தான்.