சாச்சாவின் லொறி குடித்த தண்ணீர்

சாச்சாவின் லொறி குணமானது என்னால்தான். எங்கள் குடும்பத்தில் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்தது முழுக்க எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று நெடுங்காலம் நான் நம்பியிருந்தேன்.

சாச்சா என்றால் உம்மாவின் தங்கச்சியைக் கலியாணம் முடித்தவர். கல்முனையில் ஒரே வளவுக்குள்தான் எங்கள் வீடும் சாச்சியின் வீடும். நடுவில் நின்ற மாமர நிழல் லொறிக்கு உரியது. தன்னைவிட வயதில் மூத்த லொறியைத் தம்பி வாங்கியிருக்கிறார் என்று வாப்பா கிண்டல் பண்ணுவார். சாச்சாவுக்கு வாப்பா 'காக்கா', அண்ணன் முறை. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. லொறி ஸ்டார்ட் ஆனால் வளவு முழுக்கக் கரும்புகை எழும்பும். உம்மா கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவார். தெருப் பொடியன்கள் அதற்குக் 'கரிச்சட்டி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்காக இரண்டு பேரைக் கிள்ளியிருக்கிறேன், ஒருத்தியைக் கடித்தும் இருக்கிறேன்.

அந்த வருடம் வாப்பாவின் நெல் நாற்பது மூட்டை சூடடித்துக் கட்டியபடி சாகாமத்து வயலில் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் வருடம் முழுக்கச் சோறு அதுதான். ஏற்றிவரப் போன லொறி குளக்கட்டு ஏற்றத்தில் இரைத்து இரைத்து நின்றுவிட்டது. பாரமில்லாமலே ஏறாதது நாற்பது மூட்டையோடு எப்படி ஏறும்? வெறுமனே திரும்பி வந்தது. ஊரிலுள்ள ட்ரக்டர்கள் எல்லாம் வேறு வயல்களுக்குப் பேசியாகிவிட்டன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொழுது சாயுமுன் ஆட்கள் வயலைவிட்டு வந்துவிட வேண்டிய யுத்த காலம் அது, காவலுக்கும் ஆளில்லை. வியாழக்கிழமைக்குள் நெல் வராவிட்டால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும் என்றார் வாப்பா. அதற்கு மேல் சாச்சாவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் பெரிய ஏச்சு.

லொறிக்கு என்ன வருத்தம் என்று சாச்சிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணூறு! போன மாதம் கலியாண வீட்டுக்கு வந்த ஒருத்தி, "யானை மாதிரி என்னா இழுவை இழுக்குது" என்று வாய் வைத்தாளாம். சாச்சி பள்ளிவாசலில் ஓதிப் பார்க்கும் லெவ்வையிடம் ஆளனுப்பி, ஒரு சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர் ஓதி எடுப்பித்துவிட்டார். சாச்சாவுக்குத் தெரிந்தால் ஏசுவார். ஆகவே அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து சாச்சி என்னைக் கூப்பிட்டார். சாச்சி அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி, பம்பரில் ஏற ஏலாது.

"தண்ணி ஊத்துற வாய்க்குள்ள பிஸ்மி சொல்லி ஊத்து மகள். சாச்சாக்கிட்ட மூச்சு உட்டுராத."

சூடு ஆறட்டும் என்று சாச்சா பொனட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏறிப் பார்த்தால் இரண்டு மூடிகள். முன்னால் இருந்ததைத் திருகினேன், அது அசையவே இல்லை, கையும் சுட்டது. எஞ்சினுக்கு மேலே இருந்த மற்றது சொன்ன சொல்லுக்குத் திறந்தது. எந்த வாயால் குடித்தாலும் வயிறு ஒன்றுதானே! பிஸ்மி சொல்லி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் முழுப் போத்தலையும் ஊற்றினேன்.

அன்று மாலை சாச்சா டீசல் அடிக்கச் சந்திவரை போய் வந்தார். லொறி ஒரு மாதிரி இழுக்கிறதென்று, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவினார். கம்பியில் எண்ணெயைக் காணோம், பால் தேத்தண்ணிதான் வழிந்தது. சாச்சா மாமரத்தடியில் அப்படியே குந்திவிட்டார்.

"கெஸ்கட் போயிட்டு. எண்ணெய்க்குள்ள தண்ணி இறங்கிட்டு" என்றார்.

எண்ணெய் வாய்க்குள் தண்ணீரை ஊற்றி லொறியைக் கொன்றவள் நான்தான் என்பது விளங்கிவிட்டது. நாற்பது மூட்டை நெல்லும் என் தலையில். சொல்லலாமா என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன், இரண்டு தரமும் வாப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாச்சா புதுக் கெஸ்கட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எஞ்சினின் தலையைக் கழற்றினார். தலைக்கும் உடம்புக்கும் இடையில் தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கிற தகடுதான் கெஸ்கட். பழையதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார், ஓரமெல்லாம் விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. "இது நல்லாத்தானே இரிக்கி" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற நான் மெல்ல மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அதற்குப் பிறகுதான் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தார். யா அல்லாஹ்! பிஸ்டன் தலைகளிலும் வால்வுகளிலும் நகத் தடிப்புக்குக் கரி பிடித்துக் கல்லாகியிருந்தது. கீழே எண்ணெய் தங்குகிற தட்டைக் கழற்றினால் அடி முழுக்கத் தொதல் அல்வா மாதிரிக் கறுப்புக் கசடு. எண்ணெய் மேலே ஏறுகிற வலையில் ஒரு ஊசிக்கண்கூடத் திறந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு நடை போயிருந்தா எஞ்சின் இறுகி உசிரு போய் மவுத்தாயிருக்கும் காக்கா. அல்லாதான் திறக்க வெச்சிரிக்கான்" என்றார். அல்லாஹ் யாரைக் கொண்டு திறக்க வைத்தான் என்று எனக்குத் தெரியும். பயம் பாதி போய்விட்டது. மூன்று நாளில் முதன்முறையாக வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சாச்சாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

சாச்சா கத்தியை எடுத்து பிஸ்டனைச் சுரண்டத் தொடங்கியதும் குசினி அடுப்படியிலிருந்து உம்மா ஓடி வந்தார்.

"அலுமினியத்துல கத்தி வெப்பாங்களா தம்பி? ஒத்துங்க அங்கால!"

அடிப்பிடித்த சட்டிகளோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டியவர் உம்மா. கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உடைத்த சிரட்டையின் விளிம்பால் சுரண்ட வேண்டும் என்பது அவர் சட்டம். சாச்சா தலையைச் சொறிந்தார், பிறகு கத்தியைக் கீழே வைத்தார். ஊறிய கரி சிரட்டைக்குப் பாளம் பாளமாகக் கிளம்பியது, பிஸ்டனில் ஒரு கோடு விழவில்லை. வாப்பா தட்டிலிருந்த கசடை வழித்தார், சாச்சி வாங்குப் பலகையில் இருந்தபடி வால்வுகளைத் துடைத்தார், சாச்சா அவற்றை இடைவெளியில்லாமல் பொருந்தும்படி இருப்பில் வைத்து அரைத்தார். எண்ணெய் ஏறும் வலையும் சின்னத் துவாரங்களும் என் பங்கு, என் விரல்தான் அதற்குள் போனது. புதன் மாலைவரை நான் சோற்றுக்கு மட்டுமே எழும்பினேன். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்ததென்று உம்மா அதிசயப்பட்டார். குற்றவாளியின் சுறுசுறுப்பு உம்மா, அதற்கு ஈடு இணை கிடையாது.

புதுக் கெஸ்கட்டும் புது எண்ணெயும் போட்டு, பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார் சாச்சா. லொறி இரண்டு தரம் இருமியது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது, பிறகு அதுவும் இல்லை. எங்கள் லொறியா இது! உம்மா துணி அள்ள ஓடவே இல்லை.

வியாழக்கிழமை விடிய லொறியின் முன் இருக்கையில் ஏறிக் குந்திக்கொண்டேன். இறங்கச் சொன்ன எவரையும் நான் சட்டை செய்யவில்லை. வாப்பா ஒரு பக்கம், சாச்சா ஒரு பக்கம். திரும்பும்போது நாற்பது மூட்டையோடு குளக்கட்டு ஏற்றம் வந்தது. வாப்பா கண்ணை மூடி எதையோ ஓதினார். சாச்சா கியரைக் குறைத்து ஒரே மிதி மிதித்தார். லொறி உறுமிக்கொண்டு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, ஏறியே விட்டது! நான் போட்ட கூச்சலில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. எங்கள் தெருவுக்குள் நுழையும்போது 'கரிச்சட்டி' என்று கத்த வந்த பொடியன்கள் புகையைத் தேடிப் பார்த்துவிட்டு வாய் பிளந்து நின்றார்கள். யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லோருக்கும் பழிப்புக் காட்டினேன். கடைசி மூட்டை வீட்டுக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. சாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், எல்லாம் லெவ்வையின் தண்ணீர் செய்த வேலை என்று.

தேத்தண்ணி குடிக்கும்போது, மூட்டை இறக்கிய ஆட்களுக்கு முன்னால் வாப்பா கேட்டார்: "அது சரி தம்பி, எஞ்சினுக்குள்ள தண்ணி எங்கால வந்த?"

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தேன். சாச்சா சாச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கெஸ்கட் எரிஞ்சி போயிரிந்திச்சி காக்கா. நான்தான் கவனிக்காம உட்டுட்டன்."

"கெஸ்கட் போனதும் தெரியாம நீ என்னடா லொறிக்காரன்!" என்று வாப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சாச்சாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மழை விட்டதும் சாச்சா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொனட்டைத் திறந்தார். "இது தண்ணி ஊத்துற மூடி. இது எண்ணெய் ஊத்துற மூடி. ரெண்டும் வேற வேற. விளங்கிச்சா கிளி?"

"ஓம்" என்று தலையாட்டினேன். நல்ல கெஸ்கட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டும் எரிந்துபோனது என்கிற மனிதர், எனக்கு எஞ்சின் படிப்பிக்க வந்துவிட்டார்! பாவம் சாச்சா, தொழிலே தெரியாதவர் என்று அன்று அவருக்காக நான் மிகவும் இரக்கப்பட்டேன்.