சிக்ஸ்டெனின் வயிற்றில் ஒளிர்ந்த புள்ளிகள்

சிக்ஸ்டெனின் முகம் திடீர் திடீரென்று சிவக்கத் தொடங்கியபோது, ஸ்வீடனின் உப்சாலா நகரில் அவர் ஓட்டும் பேருந்தில் வருகிறவர்கள் அவர் குடித்திருக்கிறார் என்றே முடிவு கட்டினார்கள். குடிக்கவில்லை என்று ஓட்டுநர் கருவியில் ஊதிக் காட்டினால்தான் கிளம்பும் பஸ் அது. போதையில் நகர்த்தவே முடியாது. இருந்தும் புகார் போனது. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர்.

மேல்வீட்டில் இருக்கும் நான் அவர் வாய்விட்டுப் பேசிக் கேட்டதெல்லாம் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் சவுனா என்கிற வியர்வைக் குளியல் அறையில்தான். அங்கே வெற்றுடம்போடு வியர்த்து உட்கார்ந்திருக்கும்போது, விலாவிலிருந்து இறங்கும் தழும்பைத் தடவிக்கொண்டே, சிறுவயதில் மரம் இழுக்கும் பேர்லா என்ற குதிரை தன்னை உதைத்த கதையைச் சொல்வார். கட்டடத்தில் எல்லா ஆண்களுக்கும் அது மனப்பாடம்.

மனைவி குன்வோர்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சிறுகுடலில் கட்டி. ரத்தத்தில் சுரப்புநீரைக் கலந்து முகத்தைச் சிவக்க வைக்கிற வகை. தழும்பைப் பற்றி டாக்டர் மாலின் கேட்டபோது, "சின்ன வயசு ஆபரேஷன்" என்று முடித்துக்கொண்டாராம். கட்டி வேறெங்கும் பரவியிருக்கவில்லை என்றால் வெட்டி எடுத்துக் குணப்படுத்தலாம். அதைப் பார்க்க பெட் ஸ்கேன். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து அந்த வகைக் கட்டி எங்கிருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு படத்தில் ஒளிரும்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். படத்தில் ஒளிர்ந்தது ஒரு புள்ளி மட்டுமல்ல. வயிறெங்கும் தெளித்த மாதிரி இருந்தது. பரவியிருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை, மாதாமாதம் ஊசி போட்டு அடக்கி வைக்கத்தான் முடியும் என்றார் மாலின். வியாழக்கிழமை டாக்டர்கள் எல்லாரும் கூடிப் படத்தைப் பார்த்து முடிவு சொல்வார்களாம்.

அந்த நாட்களில் மாடிப்படியில் காலடி கேட்டாலே எழுந்து கதவருகே போய்விடுவேன். ஒரு மாலை சிக்ஸ்டென் ஏரிப் பனிக்கட்டியில் மீன் பிடிக்கத் துளை போடும் துளைப்பானோடு வந்து நின்றார்.

"நீ வச்சுக்கோ."

"நான் பனி மேல காலே வச்சதில்லையே, சிக்ஸ்டென்."

"பழகிப்ப."

வாங்கினால் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்து கையை நீட்டவில்லை. வாசலில் சாய்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வியாழனன்று அவர்கள் சமையலறையில் மூன்று பேரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஊற்றிய காபியை யாரும் தொடவில்லை.

"சிக்ஸ்டென்," என்றார் மாலின். "படத்துல உன் மண்ணீரலைக் காணோம். யாரு எடுத்தா?"

"குதிரை."

"என்ன?"

"குதிரை உதைச்சது. உள்ள உடைஞ்சிருச்சு. எடுத்துட்டாங்க."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"மண்ணீரலைப் பத்தி நீ கேக்கவே இல்லையே."

குன்வோர் மேசையில் ஓங்கி அடித்தாள். "ஏ கிழவா! சவுனாவில அம்மணமா உக்காந்து ஊருக்கெல்லாம் குதிரை பேரு வரைக்கும் சொல்லத் தெரியுது, டாக்டர்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

மாலின் பொறுமையாக விளக்கினார். உடைந்த மண்ணீரலின் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறி, ஒட்டி, அங்கங்கே வளர்ந்திருக்கலாம். ஸ்கேனுக்கு ஏற்றிய மருந்து மண்ணீரலிலும் ஒட்டும். அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சூடாக்கிக் கெடுத்து, கதிரியக்கம் ஏற்றித் திரும்பச் செலுத்தினால் தெரிந்துவிடும். கெட்ட ரத்த அணுக்களைப் பிடித்துவைப்பது மண்ணீரலின் வேலை; புள்ளிகள் மண்ணீரல் என்றால் புதுப் படத்திலும் அவை ஒளிரும்.

"அந்தப் படத்துல ஒளிரலைன்னா?" என்று கேட்டாள் குன்வோர்.

"அப்போ பரவினதுதான்."

மறுபடி காத்திருப்பு. குன்வோர் துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் கைப்பேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன், அது ஒலித்துவிடக் கூடாதென்று.

செய்தி வந்தது. புள்ளிகள் எல்லாம் மண்ணீரல், ஒன்றைத் தவிர. அது கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நிணநீர்க் கணு; கட்டி அதுவரைதான் பரவியிருந்தது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

ஞாயிறு மாலை சிக்ஸ்டென் என் கதவைத் தட்டினார்.

"துளைப்பானைக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் அதன் கத்தி முனையையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"கேட்டுட்ட," என்றார். "ஆமா."

போகாமல் அங்கேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.