நஞ்சப்பன் வைத்த பிரேக்

கடையில் தூக்கி உட்கார வைத்த மறுநொடியே அக்ஷயா சைக்கிளோடு சாய்ந்தாள். நஞ்சப்பன் பாய்ந்து மகளைப் பிடித்துவிட்டான். சைக்கிள் பக்கத்தில் நின்ற இன்னொன்றின்மேல் விழ, அது அடுத்ததைத் தள்ள, கடை வாசல் வரைக்கும் வரிசையாகச் சரிந்தது. சத்தம் அடங்கியபோது அப்பனும் மகளும் திறந்த வாயோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரிய சைக்கிளில் உட்கார வைக்கச் சொன்னது அவனுடைய அக்கா ராசாத்தாள். வளர்கிற பிள்ளைக்கு எதையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். செருப்பு பெரிதாக இருந்தால் முன்னால் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பாவாடை நீளமாக இருந்தால் உள்ளே மடித்துத் தைப்பார்கள். சைக்கிளையும் அப்படியே வாங்கிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"வளர்ற புள்ளைக்கு ஆராச்சும் அளவெடுத்து வாங்குவாங்களாடா? அடுத்த தீவாளி நோம்பிக்கே பத்தாமப் போயிரும்" என்றாள் ராசாத்தாள், விழுந்து கிடந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே.

"செருப்பு பெருசா இருந்தா கழண்டு போகுமக்கா. இது புள்ளையவே கழட்டி உட்டுரும்" என்றான் அவன்.

பிறகு தன் வேலையைத் தொடங்கினான். சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து மகளின் காலை அடியிலிருந்து தொடைவரை அளந்தான். இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது. கீழே போட்டுவிட்டால் அவளே தூக்கி நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் பதினாறு இஞ்ச் சக்கரம் வைத்த ஒரு பச்சை நிறச் சைக்கிளில் வந்து நின்றான். அக்ஷயாவுக்கு ஊதாதான் வேண்டும் என்றிருந்தது. பச்சையில் உட்கார்ந்து, கால் தரையில் படிந்ததும் அதை மறந்துவிட்டாள்.

ஒரே ஒரு குறைதான். பிரேக் பிடி அவள் விரலுக்கு எட்டியது. ஆனால் அழுத்த வலுப் போதவில்லை. கடைக்காரர் தாரிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகள் முதலில் காலை ஊன்றித்தான் நிறுத்துவார்கள், கை பழகப் பழக வலு வந்துவிடும் என்றார். பிடியை மட்டும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்றான் நஞ்சப்பன்.

ராசாத்தாள் தாரிக்கின் பக்கம் திரும்பினாள். "என்ற தம்பிகிட்டயே பிரேக்கப் பத்திச் சொல்றீங்களே" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. சோமனூர் விசைத்தறிப் பட்டறைகளில், ஓட மறுக்கும் தறிக்கு எந்த ஃபிட்டரையும் கூப்பிடுவார்கள். நிற்க மறுக்கும் தறிக்கு நஞ்சப்பனைத்தான் கூப்பிடுவார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்த பிறகும் தறி ஓரிரு சுற்று ஓடிவிட்டால் துணியில் கோடு விழும், அந்தத் துணி திரும்பி வந்துவிடும். நஞ்சப்பன் பிரேக் வைத்த தறியில் அந்தப் பேச்சே கிடையாது. நூல் அறுந்ததை ஆள் கவனிப்பதற்குள் தறி நின்றிருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எண்ணெய்க் கிண்ணம் ஏந்தி ஃபிட்டர்கள் பின்னால் திரிந்தவன். இன்று அவனைக் கூட்டிப்போகப் பல்லடத்திலிருந்துகூட வண்டி வருகிறது. ஒரு போல்ட்டை முறுக்கினால் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். பட்டறை முதலாளிகள் அவனிடம் குரல் உயர்த்த மாட்டார்கள். ஊரில் இதற்குமேல் ஓர் ஆளுக்கு என்ன மரியாதை வேண்டும்?

அன்று மாலையே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிடியின் ஸ்பிரிங்கை மாற்றி மெல்லியதாகப் போட்டான். பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் விளிம்புக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்தினான். கம்பியை இழுத்து முறுக்கினான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் சுண்டுவிரலால் பிடியைத் தொட்டான். சுழன்றுகொண்டிருந்த சக்கரம் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த ராசாத்தாளும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். அவன் மனைவி சண்முகப்பிரியாவுக்கும் நிம்மதியாக இருந்தது. நாய் குறுக்கே வந்தாலோ, வண்டி வந்தாலோ கெட்டியாகப் பிடி, உடனே நின்றுவிடும் என்று நஞ்சப்பன் மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். பழகுவதற்காக மாட்டிய பக்கச் சக்கரங்களோடு அக்ஷயா மெதுவாக உருட்டிக்கொண்டிருந்த நாட்களில் அது சொன்னபடிதான் நின்றது. பக்கச் சக்கரங்களைக் கழற்றிய பிறகும் பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. தெருவில் ஓசையே இல்லை. தெரு முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் இறக்கம் உண்டு. அதில் வந்தபோது அக்ஷயா மிதிக்கவே இல்லை. சைக்கிள் தானாகவே வேகம் எடுத்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இறக்கத்தின் அடியில் நின்றிருந்த நஞ்சப்பனும் சிரித்தான். சந்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி குதித்து ஓடி வந்தது.

அக்ஷயா கெட்டியாகப் பிடித்தாள். எழுதுகிற கை, சாப்பிடுகிற கை, வலது கை. அந்தக் கையின் பிடி முன்சக்கரத்துக்குரியது. சைக்கிள் பிடித்த இடத்திலேயே நின்றது, பிள்ளை நிற்கவில்லை. பின்சக்கரம் மேலே கிளம்ப, அவள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து சிமெண்ட் தளத்தில் முகம் குப்புற விழுந்தாள்.

அவள் அழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. கண்ணை அகல விரித்து அவனையே பார்த்தாள். வாய் முழுக்க இரத்தம். அவன் உடனே அவளிடம் ஓடியதாகத்தான் பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். அவனுக்குக் கால் நகர்ந்த நினைவே இல்லை. கையில் தூக்கிய பிறகுதான் அவள் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து வந்த சண்முகப்பிரியா, முந்தானையை மகளின் வாயில் வைத்து அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் உதட்டில் தையல் போட்டார்கள். முன்பல் இரண்டு போயிருந்தன. பால் பற்கள்தான், மறுபடி முளைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தலையில் அடி இல்லை என்று அவர் சொன்னதை நஞ்சப்பன் நம்பாமல் மூன்று தடவை கேட்டான்.

ராசாத்தாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏமாற்றுக்காரன் ஓட்டைச் சைக்கிளை நம் தலையில் கட்டிவிட்டான் என்று தாரிக்கைத் தெருவெல்லாம் திட்டித் தீர்த்தாள். நஞ்சப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன், பழுது எது என்று கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் இல்லாமல் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்தான். அச்சு நேராக இருந்தது. கம்பிகள் ஒன்றும் தளரவில்லை. முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் சுண்டுவிரலால் பிடியைத் தொட்டான். நின்றது.

மறுபடி சுழற்றினான். மறுபடி நின்றது. பழுது ஒன்றும் இல்லை. அவன் வைத்தபடியே, அவன் நினைத்தபடியே வேலை செய்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தறியைத் தரையில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். எத்தனை வேகத்தில் ஓடி நின்றாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். அக்ஷயாவை எதோடும் முறுக்கவில்லை. பெரிய சைக்கிள் பிள்ளையைக் கழற்றிவிடும் என்று கடையில் அக்காவிடம் சொன்னவன், அளந்து அளந்து வாங்கிய சின்னச் சைக்கிளில் தானே அதைச் செய்திருக்கிறான். அவன் சொன்ன சொல்லை அவள் அப்படியே கேட்டாள். கேட்காமல் காலை ஊன்றியிருந்தால் விழுந்தே இருக்க மாட்டாள்.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னான். சண்முகப்பிரியா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "கடக்காரன் செஞ்சிருந்தா வையலாமுங்க. உங்களை நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றாள்.

ராசாத்தாளால் அதை நம்பவே முடியவில்லை. "நீ வெச்ச பிரேக்கு தப்பாகுமாடா?" என்று கேட்டாள். தப்பாகவில்லை அக்கா, அதுதான் தப்பு என்றான். அவள் அவன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள். எந்தெந்த வீட்டில் தாரிக்கைத் திட்டினாளோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் திரும்பப் போய், கடைக்காரர்மேல் ஒரு பிசகும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நஞ்சப்பன் வேலைக்குப் போனான். வழக்கம்போலவே தறிகளை நிறுத்திக் கொடுத்தான். ஆனால் மகளைத் தூக்கப் போகும்போது மட்டும் கை தயங்கியது. இனி அவன் சரி என்று சொல்லும் எதிலாவது அவள் ஏறி உட்காருவாளா? அவனுக்கு அது ஒன்றே கேள்வி. சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னாள் மனைவி. அவனும் சரி என்றான்.

தையல் பிரித்த அன்று, வீங்கிய உதட்டோடு அக்ஷயா வந்து சைக்கிள் எங்கே என்று கேட்டாள். பிள்ளை பயந்துபோயிருப்பாள் என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

"பயமா இல்லையா கண்ணு?" என்றான் நஞ்சப்பன்.

"பிரேக்குதான் பயம். அத அந்தக் கடைக்காரரு வெக்கட்டும். நீங்க தொடாதீங்கப்பா" என்றாள். பல் போன இடத்தில் காற்று வந்தது.

சண்முகப்பிரியா சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் அவனிடம் சொல்லத் துணியாத சொல். அவன் இன்னும் கொல்லையில் கிடந்த சைக்கிளை எடுத்து வண்டியில் வைத்துக் கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடையில் தாரிக் சக்கரத்தைச் சுழற்றி, பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்ணா, இதப் புடிச்சா லாரியே நின்னுருமே" என்றார். நஞ்சப்பன் மறைக்காமல் எல்லாம் சொன்னான். தாரிக்கின் முகம் மாறியது. அக்ஷயாவின் உதட்டைப் பார்த்தார், அப்புறம் கேலி பேசவில்லை. முன்பிரேக்கைத் தளர்த்தினார். பின்பிரேக்கை முதலில் பிடிக்கும்படி, அந்தக் கம்பியை வலக்கைப் பிடிக்கு மாற்றினார். ஒவ்வொரு முறுக்குக்கும் பிடியை அக்ஷயாவிடம் கொடுத்து அழுத்தச் சொல்லி, போதுமா என்று கேட்டார். நஞ்சப்பன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். திருப்புளி ஒருமுறை நழுவியபோது அவன் தோள் துடித்தது. கை மட்டும் வெளியே வரவில்லை.

கடைக்கு எதிரே இருந்த மைதானத்தில் அவள் ஏறி மிதித்தாள். அவன் காட்டிய இடத்தில் பிரேக் பிடித்தாள். சைக்கிள் உடனே நிற்கவில்லை; வழுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போய், அவள் கால் ஊன்றிய பிறகுதான் நின்றது. அந்தக் கொஞ்ச தூரத்தை நஞ்சப்பன் கண்ணாலேயே அளந்தான்.

"இவ்வளவு போதுமாப்பா?" என்று தூரத்திலிருந்து கேட்டாள்.

"உனக்குப் போதுமா சாமி?"

அவள் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு அவன் பக்கமாகவே நேராக மிதித்து வந்தாள். அவன் விலகாமல் நின்றான்.