அறாமல் பிரித்த குடல்

நேற்று மகள் லேப்டாப்பில் பன்றிக் கருவின் படம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். பெரம்பலூரில் விலங்கியல் படிக்கிறாள். விரலால் ஒரு தட்டு, வயிறு திறந்தது. இன்னொரு தட்டு, குடல் தானாகவே விரிந்துகொண்டது. எனக்கோ மூக்கில் பார்மலின் நெடி ஏறியது. கூடவே மலர்கொடியும் நினைவுக்கு வந்துவிட்டாள்.

அரியலூர் கல்லூரியில் விலங்கியலில் நாங்கள் ஒரே வகுப்பு. எனக்குக் கல்லங்குறிச்சி, வீட்டில் விவசாயம். அவள் ரெட்டிபாளையம். அப்பா சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் நான்தான். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டாம் வருஷம் எங்கள் சார் கறிக்கடையில் சொல்லிவைத்து, சினைப் பன்றியின் வயிற்றிலிருந்த குட்டிகளை வாங்கிவந்து மருந்தில் ஊறப்போட்டிருந்தார். நாங்கள் எட்டே பேர். ஆளுக்கொன்று கிடைத்தது. முழங்கை நீளம்கூட இல்லை. மூடிய கண், வயிற்றில் இரண்டு வரிசை முலைக்காம்பு, இன்னும் கெட்டிப்படாத குளம்பு. தொப்புள்கொடியை நறுக்கிப் பார்த்தால் மூன்று ரத்தக்குழாய். அதுவரை நான்தான் முந்தி.

வயிற்றைத் திறந்தேன். கல்லீரலைத் தூக்கிப் பித்தப்பையைக் கண்டுபிடித்தேன். பெருங்குடலில்தான் மாட்டிக்கொண்டேன். பன்றிக்கு அது ஜாங்கிரி மாதிரிச் சுருண்டு ஒட்டிக் கிடக்கும். இழுத்தேன், கிழிந்து பச்சையாக வழிந்தது. பக்கத்து மேஜையில் மலர்கொடி ஊசிமுனையால் சவ்வை நீவி நீவி, ஓரிடத்திலும் அறாமல் மொத்தத்தையும் பிரித்து நீளமாகப் போட்டிருந்தாள். சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என்னையும்தான். வயிறு எரிந்தது.

அன்றைக்கு மார்க் போட வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். அவர் எங்கள் பக்கம் வருவதற்குள் மலர்கொடி கை கழுவப் போனாள். அவள் குண்டூசியில் குத்தி வைத்திருந்த பெயர்ச் சீட்டுகளில் மண்ணீரலையும் கணையத்தையும் நான் மாற்றிக் குத்தினேன். இரைப்பையை ஒட்டி நாக்கு மாதிரி நீண்டிருப்பது மண்ணீரல் என்று தெரியாதவளா அவள்? மேடம் உதட்டைப் பிதுக்கி மார்க்கைக் குறைத்தார். முதலிடம் எனக்கே வந்தது.

திரும்பி வந்த மலர்கொடி சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டிருந்தா ஒனக்கும் பிரிச்சுக் குடுத்திருப்பேன்டி."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் அவள் வரவில்லை. கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. நிம்மதியாக முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அறுத்துப் பார்க்கும் பாடமே இப்போது கிடையாதாம். குட்டியைக் கிடத்தி அறுக்கும் மெழுகுத் தட்டுகளும் இல்லை, அந்த நெடியும் இல்லை. வராந்தாவில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. எங்கள் வருஷத்துக்கு நேரே வெள்ளைப் பெயிண்டில் என் பெயர். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மலர்கொடியின் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.